ஆபீஸ் கிளவுட் ஃபோல்டர்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

அலுவலகத்தில் யாருடைய ஃபைல் காணாமல் போனாலும் என் மேசையைத் தேடித்தான் வருவார்கள். மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் (ஒருவருக்கான இணையச் சேமிப்பிடம்), ஷேர்பாயின்ட் (டீமுக்குப் பொதுவான இணையச் சேமிப்பிடம்) இரண்டும்தான் எனக்கு அதிகப் பழக்கம். கூகுள் டிரைவும் தினமும் கைபடுகிறது. வந்த கேள்விகளுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், லேப்டாப்பில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. எங்கள் டீம் ஃபோல்டர்தான் (ஷேர்பாயின்ட்) பெரிது. அதுதான் கிளவுடில் இருக்கிறதே என்று என் கணினியில் மட்டும் அழித்தேன். மறுநாள் காலையில் டீமில் எல்லோரும் "ஃபோல்டர் எங்கே?" என்கிறார்கள். மேனேஜருக்கு இன்னும் தெரியாது.

பதில்: பதறாதீர்கள், எங்கும் போகவில்லை. பிரவுசரில் டீம் தளத்தைத் திறந்து, அங்கே உள்ள ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். அழித்தவர் நீங்கள் என்பதால் உங்களுக்கே தெரியும். தேர்ந்தெடுத்து ரீஸ்டோர் கொடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பும். அழித்த நாளில் இருந்து 93 நாள் வரை அங்கே இருக்கும். உங்கள் லேப்டாப்பின் ரீசைக்கிள் பின்னில் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். கணினிக்கு இறங்காமல் கிளவுடிலேயே இருந்த ஃபைல்கள் அதில் இருக்காது. கூகுள் டிரைவ் என்றால் கெடு குறைவு, குப்பையில் 30 நாள்தான்.

ஏன் இப்படி ஆயிற்று என்றால், சிங்க் (கணினி ஃபோல்டரையும் கிளவுட் ஃபோல்டரையும் ஒன்றுபோல வைத்திருக்கும் இணைப்பு) என்பது நகல் எடுப்பது இல்லை. ஒரே அறைக்கு இரண்டு கதவு மாதிரி. எந்தக் கதவு வழியாகப் பொருளை வெளியே எடுத்தாலும் அறை காலிதான்.

இடம் வேண்டும் என்றால் அழிக்கவே வேண்டாம். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" கொடுங்கள். பெயர் மட்டும் இருக்கும், உள்ளடக்கம் கிளவுடில் இருக்கும். பக்கத்தில் உள்ள குறியையும் பழகிக்கொள்ளுங்கள். நீல மேகம் என்றால் கணினியில் இல்லை, திறந்தால் இறங்கும். வெள்ளை வட்டத்தில் பச்சை டிக் என்றால் ஒருமுறை இறங்கியிருக்கிறது. முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் என்றால் "எப்போதும் இந்தக் கணினியில் வை" என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இணையம் இல்லாத இடத்துக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகும் நாளில் இந்த மூன்றாவது குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஃபோல்டரே கணினியில் தெரிய வேண்டாம் என்றால், ஒன்டிரைவ் செட்டிங்ஸில் அந்த லைப்ரரிக்கு (ஷேர்பாயின்டில் டீமின் ஃபைல்கள் இருக்கும் இடம்) சிங்க்கை நிறுத்துங்கள். அதன் பிறகு கணினியில் மிஞ்சியதை அழித்தால் யாருக்கும் பாதிப்பு இல்லை. நிறுத்திவிட்டு அழிக்க வேண்டும். வரிசை மாறினால் மறுபடி இதே கதைதான்.

கேள்வி: அக்கா, நானும் என்னோடு வேலை செய்பவரும் ஒரே எக்செல்லில் எழுதுகிறோம். திடீரென்று அதே பெயரோடு என் கணினியின் பெயரும் ஒட்டிக்கொண்டு இன்னொரு ஃபைல் வந்திருக்கிறது. வைரஸா?

பதில்: இல்லை. உங்களில் ஒருவர் நெட் இல்லாதபோது திருத்தியிருப்பார், அல்லது சிங்க் நின்றிருக்கும். இரண்டு திருத்தத்தில் எது சரி என்று ஒன்டிரைவுக்குத் தெரியாது. அதனால் இரண்டையும் வைத்துவிட்டது. அவசரப்பட்டு ஒன்றை அழிக்காதீர்கள், அதில்தான் ஒருவருடைய அரை நாள் உழைப்பு இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, விட்டுப்போனதை ஒன்றில் சேர்த்துவிட்டு மற்றதை நீக்குங்கள்.

அடிக்கடி வருகிறது என்றால் ஃபைல் பழைய எக்ஸ்எல்எஸ் வகையா என்று பாருங்கள். அந்த வகையில் இருவர் ஒரே நேரத்தில் எழுத முடியாது. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமித்து, மேலே உள்ள ஆட்டோசேவை ஆன் செய்யுங்கள்.

கேள்வி: வெளி நிறுவனத்துக்கு லிங்க் அனுப்பினேன். "அனுமதி இல்லை" என்று வருகிறதாம். எல்லோருக்கும் திறக்கும்படி மாற்றிவிடட்டுமா?

பதில்: வேண்டாம். பல இடங்களில் லிங்க் "நம் நிறுவனத்தில் உள்ளவர்களுக்கு" என்ற வகையில்தான் தானாக உருவாகும். வெளியாளுக்கு அது திறக்காது. "குறிப்பிட்ட நபர்கள்" என்பதைத் தேர்ந்து அவர் மின்னஞ்சலைப் போடுங்கள். "யார் வேண்டுமானாலும்" வகை லிங்க், கைமாறிக் கைமாறி எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியாது. ஏற்கெனவே அப்படி அனுப்பியிருந்தால் "மேனேஜ் ஆக்சஸ்" பகுதிக்குப் போய் அந்த லிங்க்கை நீக்குங்கள். மெயிலை அழிப்பதால் லிங்க் சாகாது.

கேள்வி: ஒரு ஃபோல்டர் மட்டும் மூன்று நாளாகச் சிவப்பு எக்ஸ் குறியோடு நிற்கிறது. மற்றதெல்லாம் சரி.

பதில்: பத்தில் எட்டு தடவை பெயர்தான் காரணம் என்பது என் அனுபவம். முதலில் பார்க்க வேண்டியது நீளம். ஃபைல் பெயரும் அதற்கு மேலுள்ள ஃபோல்டர் பெயர்களும் சேர்ந்து 400 எழுத்தைத் தாண்டினால் ஒன்டிரைவ், ஷேர்பாயின்ட் இரண்டும் ஏற்காது. எக்செல் இன்னும் கறார், இந்த மொத்தப் பாதை 218 எழுத்துக்கு மேல் போனால் திறக்க மறுக்கும். தமிழில் பெயர் வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "கோப்பு" என்பது நமக்கு மூன்று எழுத்து, கணினி அதை ஆறாக எண்ணும். கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. அதனால் தமிழ்ப் பெயர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சுருக்கமாக வையுங்கள்.

அடுத்தது குறிகள். கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு, இரட்டை மேற்கோள் குறி எதுவும் பெயரில் கூடாது. மேக் கணினியில் இருந்து வரும் ஃபைல்களில் இது அதிகம், ஏனென்றால் அங்கே கேள்விக்குறி போட்டுப் பெயர் வைக்கலாம். பெயரின் தொடக்கத்திலோ முடிவிலோ கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தாலும் சிக்கல்தான். ஒருமுறை இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போயிற்று.

கேள்வி: எங்கள் கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டரையே சிங்க் ஃபோல்டருக்குள் வைத்துவிட்டால் இரண்டு பேர் வேலை பார்க்கலாம் இல்லையா?

பதில்: கூடாது. டேட்டாபேஸ் ஃபைல் வேலை நடக்கும்போது இடைவிடாமல் மாறிக்கொண்டே இருக்கும். பாதி எழுதிய நிலையில் சிங்க் அதைப் பிடித்தால் கெட்டுப்போகும். அவுட்லுக் மெயில்களைச் சேமித்து வைக்கும் பிஎஸ்டி ஃபைலையும் அங்கே வைக்காதீர்கள். மென்பொருளை மூடிய பிறகு எடுத்த பேக்கப்பை வேண்டுமானால் போடுங்கள்.

கேள்வி: எங்கள் டீமில் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். திட்டத்தின் எல்லா ஃபைலும் அவருடைய ஒன்டிரைவில் இருந்துதான் எங்களுக்கு ஷேர் ஆகியிருக்கிறது. அவர் போன பிறகும் திறக்குமா?

பதில்: கொஞ்ச நாள் திறக்கும். பிறகு ஒரு நாள் திறக்காது. அந்த நாள் பெரும்பாலும் நீங்கள் அறிக்கை கொடுக்க வேண்டிய நாளாக இருக்கும்.

கணக்கு அழிக்கப்பட்ட பிறகு அவருடைய ஒன்டிரைவ், அட்மின் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், 30 நாள் இருக்கும். அதற்குப் பிறகு அட்மின் மட்டும் மீட்கக்கூடிய நிலையில் 93 நாள். அதுவும் போனால் அவ்வளவுதான். கூகுளில் ஒருவரின் "மை டிரைவ்" ஃபைல்கள் அவர் பெயரில்தான் இருக்கும். அழித்த கணக்கை மீட்க அட்மினுக்கு 20 நாள்தான் அவகாசம். "ஷேர்டு டிரைவ்" ஃபைல்கள் நிறுவனத்துக்குச் சொந்தம், ஆள் போனாலும் அவை போகாது.

நான் முன்பு இருந்த ஓர் அலுவலகத்தில், விடைபெறும் விழா, கேக் எல்லாம் பிரமாதமாக நடந்தது. ஃபைல்களைக் கேட்டு வாங்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு மாதம் கழித்து, போனவருக்கே போன் போட்டு "உங்கள் சொந்த லேப்டாப்பில் ஏதாவது நகல் இருக்கிறதா?" என்று கெஞ்சினோம்.

அவர் இருக்கும்போதே, அவரைக்கொண்டே, திட்ட ஃபோல்டரை டீம் லைப்ரரிக்கு நகர்த்தச் சொல்லுங்கள். பிரவுசரில் "மூவ் டு" கொடுத்தால் போதும். பழைய ஷேர் அனுமதிகளை நம்பாமல், புது இடத்தில் யார் யாருக்குத் திறக்கிறது என்று ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: ஷேர்பாயின்டில் "சிங்க்" பட்டனும் இருக்கிறது, "ஆட் ஷார்ட்கட்" பட்டனும் இருக்கிறது. எது?

பதில்: ஷார்ட்கட். வேறு கணினியில் நுழைந்தாலும் கூடவே வரும். ஒரே ஃபோல்டருக்கு இரண்டையும் போடாதீர்கள், பிழைச்செய்தி வரும்.

கேள்வி: மேடம், முதலில் கேட்டது நான்தான். ரீசைக்கிள் பின்னில் இருந்தது, ரீஸ்டோர் கொடுத்துவிட்டேன். ஆனால் டீமில் இரண்டு பேருக்கு இன்னும் பாதி ஃபோல்டர்தான் தெரிகிறதாம்.

பதில்: பெரிய ஃபோல்டர் என்றால் எல்லோருடைய கணினிக்கும் மறுபடி வந்துசேர நேரம் ஆகும். அந்த இருவரையும் பிரவுசரில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே முழுசாக இருந்தால் லேப்டாப்பை மூடாமல் விட்டுவைத்தால் போதும். அதுவரைக்கும் "இல்லையே" என்று தங்களிடம் உள்ள பழைய நகலை யாரும் உள்ளே போட்டுவிட வேண்டாம் என்று டீம் குழுவில் ஒரு வரி எழுதிவிடுங்கள். மேனேஜரிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள், நீங்கள் ரீஸ்டோர் கொடுக்கும்வரை யார் அழித்தது என்பது ரீசைக்கிள் பின்னில் பெயரோடு நின்றிருக்கும்.