ரத்தம் வரும்வரை நாக்கு வழித்தும் வாய்நாற்றம் போகவில்லையா?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் 32 வயதுத் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். தினமும் இரண்டு வேளை பல் துலக்குகிறார், செம்பு நாக்கு வழிப்பான் வாங்கி ரத்தம் கசியும்வரை வழிக்கிறார், மருந்துக்கடையில் கொடுத்த மவுத்வாஷை ஆறு மாதமாக மூன்று வேளையும் கொப்பளிக்கிறார், காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரையும் போடுகிறார். அப்படியும் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். போதாததற்குப் பல்லில் பழுப்புக் கறை, சாப்பாட்டில் ருசியே தெரிவதில்லை, பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், அடிநாக்கில் ஏதோ கட்டிகள் தெரிகின்றன என்ற பயம் வேறு. இப்போது ஓர் இடத்தில் 'லேசர் வைத்து நாக்கைச் சுத்தம் செய்கிறோம், ஆறு சிட்டிங், 18,000 ரூபாய்' என்கிறார்கள், கட்டலாமா என்று கேட்கிறார்.

கட்டாதீர்கள். மீதியை அப்புறம் சாவகாசமாகப் படித்தாலும் பரவாயில்லை, முதலில் அந்தப் பணத்தைப் பத்திரப்படுத்துங்கள். நாக்கில் படிகிற படலம் இன்று எடுத்தால் நாளைக்கே திரும்பப் படியும். தினமும் பெருக்க வேண்டிய வாசலை ஆறு தடவை லேசரில் பெருக்கி என்ன ஆகப்போகிறது? அந்த இடத்துக்கு உங்களை அனுப்பியது அடுக்குமாடியில் நடந்த 'இலவசப் பல் முகாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். முகாமில் டார்ச் அடித்துப் பார்ப்பவர்களில் சிலர் டாக்டரே இல்லை, ஆள் பிடித்துக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்கள். பல் டாக்டரான என்னிடமே ஒருவர் வந்து பேரம் பேசியிருக்கிறார். வாயைத் திறக்கச் சொன்னவரிடம் அவர் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள், பாதிப் பேர் அங்கேயே நழுவிவிடுவார்கள்.

சரி, நாற்றம் எங்கிருந்து வருகிறது? பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு வாய்க்குள்ளிருந்துதான், வயிற்றிலிருந்து அல்ல. ஏப்பம் விடும் நேரம் தவிர உணவுக்குழாயின் வாய் மூடித்தான் இருக்கும், அதனால் எந்தப் பரிசோதனையும் இல்லாமல் மாதக்கணக்கில் கேஸ் மாத்திரை போடுவது வீண். அடிநாக்கு கம்பளம் மாதிரி, மேடும் பள்ளமுமாக இருக்கும். காற்றுப் படாத அந்தப் பள்ளங்களில் வாழ்கிற கிருமிகள் உணவுத் துணுக்கையும் செத்த செல்களையும் தின்று கந்தக வாயுக்களை விடுகின்றன, அழுகின முட்டை வாடை என்கிறோமே, அதேதான். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடுவதால் காலையில் எல்லாருக்கும் கொஞ்சம் நாறும். அது நோயில்லை.

நீங்கள் வழிப்பது நுனிநாக்கையும் நடுநாக்கையும், அதுவும் சுரண்டிச் சுரண்டி. குற்றவாளி பின்னால் உட்கார்ந்திருக்கிறான். ராத்திரி பல் துலக்கி முடித்ததும் நாக்கை நன்றாக வெளியே நீட்டி, குமட்டல் வராத அளவுக்கு எவ்வளவு பின்னால் போக முடியுமோ அங்கே வழிப்பானை வைத்து, மூச்சை மெல்ல வெளியே விட்டுக்கொண்டே முன்னால் இழுங்கள், தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற அழுத்தம் போதும். நாலைந்து இழுப்பு, ஒவ்வொன்றுக்கும் வழிப்பானைக் கழுவுங்கள், அவ்வளவுதான். மெல்லிய வெள்ளைப் படலம் மிஞ்சத்தான் செய்யும், அது ஆரோக்கியமான நாக்கு, பாத்திரம் மாதிரிப் பளபளக்க வேண்டியதில்லை. செம்பா, ஸ்டீலா, பிளாஸ்டிக்கா என்பதெல்லாம் விற்கிறவர் கவலை. எங்கள் பாட்டி தென்னை ஈர்க்கைக் கிழித்து வளைத்துத்தான் வழித்தார்.

இன்னொன்று, கொல்லைப்பக்கம் நின்று இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டு, தெருவே கேட்க ஓங்கரித்துப் 'பித்தம் எடுக்கும்' வழக்கம் உங்களுக்கும் இருந்தால் இன்றோடு விடுங்கள். வருவது வயிற்று அமிலம். தினம் தினம் அது பட்டால் பல் அரிக்கும், நாற்றம் ஒரு துளி குறையாது.

மவுத்வாஷ் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். குளோர்ஹெக்சிடின் என்று இருந்தால் உங்கள் பழுப்புக் கறைக்கும் ருசிக் கெடுதலுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. அது பொதுவாக இரண்டு வாரத்துக்குத் தருகிற மருந்து, ஆறு மாதம் கொப்பளிக்கிற பன்னீர் இல்லை. நிறுத்தினால் ருசி திரும்பிவிடும். சீட்டே இல்லாமல் இதை எடுத்துக் கொடுக்கிறவரை யாரும் கேட்பதில்லை, அது தனி வயிற்றெரிச்சல்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஈறு ரத்தம். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் காறை கட்டியிருந்தால் நாக்கை மட்டும் வழித்துப் பயனில்லை. பல் இடுக்கில் ஃப்ளாஸ் நூலை விட்டு எடுத்து மோந்து பாருங்கள், விடை தெரிந்துவிடும். காறையைச் சுரண்டி எடுக்கிற ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அந்தக் காறைதான் ஏற்கெனவே ஆடுகிற பல்லைச் சிமெண்ட் மாதிரிப் பிடித்து வைத்திருக்கும், எடுத்ததும் உண்மை தெரிகிறது, அவ்வளவுதான். பழுப்பும் அதோடு போய்விடும். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். அரசு மருத்துவமனைப் பல் பிரிவிலும் கேட்கலாம், கூட்டத்தில் பல் பிடுங்கவே நேரம் போதாமல் 'அப்புறம் வாங்க' என்பார்கள், விடாமல் தேதி வாங்குங்கள். மருத்துவக் காப்பீட்டை நம்ப வேண்டாம். விபத்தில் பல் உடைந்தால்தான் பெரும்பாலான பாலிசிகள் திரும்பிப் பார்க்கும், வராமல் தடுக்கிற வேலைக்குப் பைசா கிடையாது. இப்படி ஒரு கணக்கை யார் எழுதினார்களோ.

இவ்வளவும் செய்து நாற்றம் போகாவிட்டால் ஒன்று பாக்கி, டான்சில் கல். எனக்கே ஒருமுறை தவறியது. ஒருவருக்கு இரண்டு தடவை ஸ்கேலிங் செய்தும் போகவில்லை, நானும் நாக்கையே திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை அவர் டிஷ்யூ பேப்பரில் ஒன்றை மடித்து எடுத்துவந்தார், இருமும்போது வந்ததாம். குறுணை அளவு, வெளிர்மஞ்சள். விரலில் நசுக்கினேன், அறையில் ஜன்னலைத் திறக்க வேண்டியதாயிற்று. டான்சில் குழிகளில் துணுக்குகள் தேங்கிக் கெட்டியாவது இது. தொண்டையில் ஏதோ ஒட்டியிருக்கிற உணர்வு, அவ்வப்போது இப்படிக் குறுணை வருவது இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் தொண்டை வரை கொப்பளித்தால் சிலருக்குத் தானே வந்துவிடும். ஊசி, ஹேர்பின், பட்ஸ் வைத்துக் குத்தி எடுக்காதீர்கள், கண்ணாடி முன்னால் நின்று வீடியோ பார்த்துக் குத்திவிட்டு ரத்தத்தோடு வருகிறார்கள்.

கடைசியாக, அடிநாக்கில் 'வி' வடிவத்தில் வரிசையாகத் தெரிகிற உருண்டைகள் கட்டி இல்லை. எட்டு முதல் பன்னிரண்டு வரை எல்லாருக்கும் உண்டு, சுவை மொட்டுகள் இருக்கிற இடம். அதை வழிப்பானால் வழித்து எடுக்கப் பார்க்காதீர்கள், தம்பி.