சட்ட மேசை: ஒரே செல்போன், மூன்று பிரிவுகள்

கேள்வி: என் தங்கை மகனுக்கு 17 வயது. பெரிய பையன்கள் இரண்டு பேரோடு சேர்ந்து செல்போன் பறித்ததாக வழக்கு. சின்ன கேஸ்தான், முடிந்துவிடும் என்கிறார் ஒருவர். பெரியவர்களைப் போலவே விசாரித்துத் தண்டிப்பார்கள் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?
— ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதில்தான் எல்லாமே இருக்கிறது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 304 (பறிப்பு) என்றால் அதிகபட்சமே 3 ஆண்டுதான். குற்றங்களைச் சிறு குற்றம், தீவிரக் குற்றம், கொடுங்குற்றம் என மூன்றாகப் பிரிக்கும் இளைஞர் நீதிச் சட்டம், 2015 கணக்கில் அது சிறு குற்றம். 309 (வழிப்பறி) என்றால் 10 ஆண்டு வரை போகும், ஆனால் குறைந்தபட்சத் தண்டனை கிடையாது. 2021 திருத்தத்துக்குப் பிறகு இத்தகையவை நடுவில் உள்ள தீவிரக் குற்றத்தில் அடங்கும். ஆயுதத்தைப் பயன்படுத்தியதாக 311 போட்டால் குறைந்தபட்சமே 7 ஆண்டு. அதுதான் கொடுங்குற்றம். குற்றம் நடந்த நாளில் 16 நிறைந்திருந்தால், பெரியவர்களைப் போல் விசாரிக்கலாமா என்ற பேச்சு இந்த மூன்றாவது வகையில் மட்டும்தான் எழும்.

கத்தி யார் கையில் இருந்தது என்று கேட்டு வையுங்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 397-ஆம் பிரிவின் வாசகத்தை வைத்து, ஆயுதத்தைக் கையாண்டவருக்கே அந்தக் குறைந்தபட்சத் தண்டனை பொருந்தும், கூட நின்றவருக்கு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1975-இலேயே சொல்லிவிட்டது. இன்றைய 311 அதன் வாரிசு. ஆனால் முதல் தகவல் அறிக்கை எழுதும்போது எல்லாப் பெயரையும் ஒரே பிரிவில் சேர்த்துவிடுவதுண்டு. பையனின் வழக்கறிஞர் முதல் நாளே எடுத்துச் சொல்லவேண்டிய வாதம் இது. பெரியவர்களின் வழக்கோடு சேர்த்து இவனை விசாரிக்க முடியாது, இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 23 தடுக்கிறது (இனி வரும் பிரிவுகளும் இதே சட்டத்தில்தான்).

24 மணி நேரத்துக்குள் (பயண நேரம் நீங்கலாக) இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தியாக வேண்டும். லாக்கப், சிறை, விலங்கு எதுவும் கூடாது. குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண். முதன்முதலாக நிறுத்திய தேதியைக் குறித்து வையுங்கள். அன்றிலிருந்து 4 மாதத்தில் விசாரணை முடிய வேண்டும், இன்னும் 2 மாதம் நீட்டிக்கலாம். சிறு குற்றமாக இருந்து அதற்குள்ளும் முடியவில்லை என்றால் நடவடிக்கை அத்தோடு முடிவுக்கு வரும். தேதியைக் காட்டிக் கேட்க ஆள் இல்லாததாலேயே வருடக்கணக்கில் இழுபடும் வழக்குகள் உண்டு.

கேள்வி: ஜாமீன் மனு தள்ளுபடியாகிவிட்டது. குற்றம் பெரியது என்பதாலா?
— பெயர் வேண்டாம், சேலம்

பதில்: அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. பிரிவு 12-இன்படி, ஜாமீனில் விடமுடியாத குற்றமானாலும் சிறாரை விட வேண்டும் என்பதே விதி. மறுக்க மூன்று காரணம்தான்: தெரிந்த குற்றவாளிகளோடு மறுபடி சேர்வான், அவனுக்கே உடலாலோ மனத்தாலோ ஒழுக்கத்தாலோ ஆபத்து, விட்டால் நீதியின் நோக்கம் கெடும். மறுத்தால் காரணத்தை எழுதவும் வேண்டும். உத்தரவின் நகலை வாங்கி, இந்த மூன்றில் எது என்று பாருங்கள்.

பெரும்பாலும் முதல் காரணமாகத்தான் இருக்கும். நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்தில் தரும் சமூக விசாரணை அறிக்கையில் ‘சேர்க்கை சரியில்லை’ என்று ஒரு வரி இருந்தால் போதும். அவர் வீட்டுக்கு வரும்போது அப்பா அம்மா இருவரும் இருங்கள். வேறு ஊரில் சித்தப்பாவோ மாமாவோ பையனைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தால், அவருடைய எழுத்துமூல ஒப்புதலும் முகவரிச் சான்றும் கொடுங்கள். பள்ளியிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்த்துக்கொள்வதாக ஒரு கடிதம் இருந்தால் இன்னும் நல்லது. ‘ஏழைக் குடும்பம், இரக்கம் காட்டுங்கள்’ என்று மட்டும் எழுதிய மனு எடுபடுவது கடினம். வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், தொலைபேசி 15100.

கேள்வி: ஆதாரில் 17, பள்ளிச் சான்றிதழில் 18. எது செல்லும்?
— ஒரு தந்தை, தேனி

பதில்: பள்ளிச் சான்றிதழ். பிரிவு 94-இன் வரிசையே அப்படி: முதலில் பள்ளி அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லாவிட்டால் உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையிலேயே இல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஒரு வயதைக் கூட்டிச் சொன்ன பழக்கம் இங்கே வந்துதான் காலை வாருகிறது.

கேள்வி: 17 வயதில் கொலை செய்தாலும் மூன்று வருடத்தில் வெளியே வந்துவிடலாமே? எங்கள் பாதுகாப்புக்கு என்ன வழி?
— குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஆவடி

பதில்: 2012 டெல்லி வழக்கு வரை அப்படித்தான். 2016 ஜனவரி 15 முதல் நிலைமை வேறு. 16 நிறைந்தவர் கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், அவருடைய மன, உடல் திறனையும், விளைவைப் புரிந்துகொள்ளும் தன்மையையும், குற்றம் நடந்த சூழலையும் குழுமம் மதிப்பிடும். பிறகு பெரியவர்களைப் போல் விசாரிக்கச் சிறார் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அதை எதிர்த்து 30 நாளில் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தண்டனை கிடைத்தால் 21 வயது வரை சிறையல்லாத ‘பாதுகாப்பு இடத்தில்’ வைப்பார்கள். அதன்பின் அவர் மாறியிருக்கிறாரா என்று பார்த்து, மீதிக் காலத்துக்குச் சிறையா, கண்காணிப்போடு விடுதலையா என்று நீதிமன்றம் முடிவு செய்யும். தூக்கும், விடுதலைக்கே வழியில்லாத ஆயுளும் மட்டும் கிடையாது.

உங்கள் தெருப் பாதுகாப்புக்கு இதைவிடப் பயன்படும் பிரிவுகள் 78, 83. கஞ்சாவோ சாராயமோ விற்கவும் கடத்தவும் சிறுவர்களை இறக்கும் பெரியவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். பிற சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்தினாலும் 7 ஆண்டு வரைதான், அபராதம் 5 லட்சம். புகாரில் பையனின் பெயரோடு நிறுத்தாமல், பொட்டலம் கொடுத்து அனுப்பியது யார், எந்த இடம், எந்த நேரம் என்று எழுதிக் கொடுங்கள். இந்தப் பிரிவுகளையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சிசிடிவியில் சிக்கிய பையனின் முகத்தைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். பிரிவு 74-இன்படி அது 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவைப் பென்டிரைவில் ஏற்றிக் காவல் நிலையத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.