பின்னல் வேலை ஆண்களின் மரபுக் கலையாக எங்கேனும் உண்டா?

உண்டு. பெரு நாட்டில், கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டருக்கு மேல் உள்ள டிட்டிகாக்கா ஏரியின் டக்கீலே தீவில் பின்னுபவர்கள் ஆண்களே. தறியில் நெய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கெச்சுவா மொழி பேசும் இத்தீவின் சிறுவர்கள் சிறு வயதிலேயே தந்தையிடமும் தாத்தாவிடமும் இதைக் கற்றுக்கொள்கிறார்கள். காதுகளையும் மூடும் கூம்பு வடிவத் தொப்பியான 'சுல்யோ'தான் அவர்களின் முதன்மைப் படைப்பு. நூலைக் கழுத்தைச் சுற்றி எடுத்து இழுவிசையைச் சீராக வைத்துக்கொண்டு, கம்பிபோல் மெல்லிய ஊசிகள் பலவற்றால் வட்டமாகப் பின்னிச் செல்வதால், கண்ணிகள் நெருக்கமாக விழுந்து துணி கெட்டியாக அமைகிறது. நல்ல தொப்பியில் தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் ஒழுகாது என்று தீவினர் பெருமையோடு சொல்வார்கள்.

தொப்பியைப் பார்த்தே ஒருவரின் நிலையை அறியலாம். முழுவதும் சிவந்த வேலைப்பாடு கொண்டது மணமானவருடையது. மேற்பாதி வெண்மையாக இருந்தால் அவர் மணமாகாதவர். என்னைப் பெரிதும் கவர்ந்தது இதுதான், ஏனெனில் இங்கே நிறம் வெறும் அலங்காரமாக நின்றுவிடவில்லை.

பெண்கள் நெய்யும் அகன்ற இடுப்புப் பட்டையோ, உழவு, சடங்கு ஆகியவற்றின் ஆண்டுச் சுழற்சியைச் சின்னங்களாகத் தாங்கிய நாட்காட்டியாகும். இத்தீவின் துணிக்கலையை யுனெஸ்கோ 2005ஆம் ஆண்டு சிறப்பித்து அறிவித்தது. எனினும் அதைக் காத்து வருபவர்கள், நடக்கும்போதும் பேசிக்கொண்டிருக்கும்போதும் ஊசியைக் கீழே வைக்காத அந்த ஆண்களும், தறியை விடாத பெண்களுமே.