பெரிய டெலஸ்கோப்பில் பார்த்தால் நெபுலா (விண்வெளியில் உள்ள வாயு, தூசி மேகம்), கேலக்ஸி (கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் பெருங்கூட்டம்) எல்லாம் படத்தில் இருப்பதுபோல் வண்ணமாகத் தெரியுமா?

தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானும் அதே நினைப்பில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் நின்றவன்தான்.

நான் இருப்பது கலிபோர்னியாவில், சான் ஹோசேயில். தெற்கே சான் வான் பாட்டிஸ்டா என்ற சின்ன ஊரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் வளைந்து வளைந்து மலையேறினால் ஃப்ரீமான்ட் பீக். அங்கே வானம் பார்க்கும் ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு அப்சர்வேட்டரி நடத்துகிறார்கள். பெரிய வெள்ளைக் கும்மட்டத்தைக் கற்பனை செய்ய வேண்டாம், ஷெட் மாதிரிதான் இருக்கும், இருட்டியதும் கூரையைத் தள்ளித் திறப்பார்கள். உள்ளே 30 அங்குலக் கண்ணாடி வைத்த டெலஸ்கோப். நியூட்டன் வகை, அதாவது அடியில் இருக்கும் கண்ணாடி ஒளியை மேலே திருப்பி அனுப்பும், அதனால் கண் வைக்கும் இடம் குழாயின் மேல் நுனியில் இருக்கிறது, ஏணியில் ஏறித்தான் பார்க்கணும். கோடை மாதங்களில் நிலவு தொந்தரவு செய்யாத சனிக்கிழமை இரவுகளில் பொதுமக்களை விடுவார்கள்.

நாங்கள் போனது ஒரு ஆகஸ்ட் மாதம். கரூரிலிருந்து வந்திருந்த அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியேறி, வேர்ல்பூல் என்ற சுருள் வடிவ கேலக்ஸியைப் பார்த்துவிட்டு இறங்கியதும் சொன்னது: "ஏங்கண்ணு, இதுக்கா இத்தன தூரம்?" எனக்கும் சாம்பல் பூசினமாதிரி ஒரு மங்கல்தான் தெரிந்தது.

காரணம் டெலஸ்கோப் இல்லை, நம் கண். இருட்டில் நம் கண்மணி அதிகம் போனால் 7 மில்லிமீட்டர் விரியும், அந்தக் கண்ணாடி 762 மில்லிமீட்டர், கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 11,800 மடங்கு ஒளி சேர்க்கும். ஆனால் அந்த ஒளியைப் பெரிதாக்கி விரித்துத்தானே காட்டுகிறது? அதனால் கேலக்ஸி பெரிதாகத் தெரியுமே தவிர அதன் பரப்பு பளிச்சென்று ஆகாது. அவ்வளவு மங்கிய ஒளியில் வேலை செய்யும் கண் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. கேமரா மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைக்கும், கண்ணுக்கு அந்த வசதி கிடையாது.

சரி, அப்போ போவது வீணா? இல்லை. இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரமாவது கொடுங்கள். அப்புறம் நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பாருங்கள் என்று அங்கிருந்த தன்னார்வலர் சொன்னார். இரண்டாவது முறை ஏறியபோது அதே மங்கலில் சுருள் கைகள் மெல்ல வந்தன, நேரே பார்த்தால் போய்விடும், விலகினால் வரும். இதற்கிடையே நான் கார் ரிமோட்டைத் தெரியாமல் அழுத்திவிட, விளக்கு இரண்டு முறை பளீரென்று அடித்தது. இருட்டிலிருந்து நாலைந்து குரல்கள் "ஓ" என்றன. யார் முகமும் தெரியாததில் ஒரு நிம்மதி. அங்கே சிவப்பு விளக்கு மட்டும்தான் அனுமதி, போனையும் உள்ளேயே வையுங்கள்.

நட்சத்திரங்கள் வேறு கதை. புள்ளியாக இருப்பதால் ஒளி பரவாது, நிறமும் தப்பிக்கும். அல்பிரியோ என்று இரட்டை நட்சத்திரம் ஒன்று, ஒன்று மஞ்சள், பக்கத்திலேயே நீலம். எம்13 என்ற நட்சத்திரக் கொத்தில் லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் உண்டு. அதைப் பார்த்துத்தான் அம்மா ஏணியில் இருந்து இறங்க மறுத்தார். "ரவையச் சிந்தி வெச்ச மாதிரி இருக்குது கண்ணு."

பத்து மணிக்கு மேல் கீழே பனிமூட்டம் ஏறி ஊர்களின் விளக்குகளை மூடிவிட்டது. பனி வந்தால் கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன், அங்கிருந்தவர்களோ குஷியாகிவிட்டார்கள். பனி கீழேயே நின்றுவிட்டால் மலைமேல் வானம் இன்னும் இருட்டாகுமாம். ஆகிவிட்டது, பால்வீதி தலைக்குமேல் மேகம் மாதிரி கிடந்தது, அதற்கு டெலஸ்கோப்பே தேவைப்படவில்லை.

கோடைதானே என்று நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். என் ஸ்வெட்டரை அம்மா பதினொரு மணிக்கு வாங்கிப் போட்டுக்கொண்டார், கிளம்பும்போது மணி ஒன்றரை.