விலங்குக் கதைகளில் எதை முதலில் கொடுப்பது?

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு 11 வயது. நாய், யானை, ஓநாய் என்று விலங்கு வருகிற கதை எது கிடைத்தாலும் விடமாட்டாள். சமீபத்தில் ஒரு கதையில் நாய் அடிவாங்கும் இடம் வந்ததும் அழுதுவிட்டு, மிச்சத்தைப் படிக்க மறுத்துவிட்டாள். பழைய நல்ல விலங்குச் சாகசக் கதைகளை அவளுக்கு அறிமுகம் செய்ய ஆசை. ஆனால் எதைத் தொட்டாலும் அடி, ரத்தம், சாவு. சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்புகளில் இதையெல்லாம் எடுத்துவிடுகிறார்கள். அவற்றையே கொடுத்துவிடலாமா? எதிலிருந்து தொடங்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

சுருக்கப் பதிப்பு வேண்டாம். பக்கத்தைக் குறைக்க உட்காருகிறவர் முதலில் கைவைப்பது கதையில் 'ஒன்றும் நடக்காத' இடங்களில்தான். இந்த வகைக் கதைகளுக்கு உயிரே அந்த இடங்கள்தான்.

ஜாக் லண்டனின் 'கானகத்தின் குரல்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1903இல் வந்தது. பெ.தூரன் தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார். கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி வீட்டில் ராஜா மாதிரி வளர்கிறது பக் என்ற நாய். தோட்ட வேலைக்காரன் ஒருவன் அதைத் திருடி விற்றுவிடுகிறான். கனடாவின் குளோண்டைக் பக்கம் தங்கம் கிடைக்கிறது என்று கூட்டம் ஓடிய காலம் அது. பனிச்சறுக்கு வண்டி இழுக்கப் பெரிய நாய்களுக்கு ஏகக் கிராக்கி. லண்டனே 1897இல் தங்கம் தேடி அங்கே போனவர்தான்.

வடக்கே போன பிறகு ஓர் இரவு. கூடாரத்துக்குள் மெழுகுவர்த்தி எரிகிறது. வீட்டுப் பழக்கத்தில் பக் உள்ளே நுழைகிறது. வண்டிக்காரர்கள் இருவரும் வசவோடு பாத்திரங்களையும் எறிந்து விரட்டுகிறார்கள். வெளியே படுத்தால் குளிர் தாங்கவில்லை. மற்ற நாய்கள் எங்கே படுத்திருக்கின்றன என்று பார்க்கலாம் என்றால், ஒன்றையும் காணோம். கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. திடீரென்று முன்னங்கால் பனிக்குள் புதைகிறது. காலடியில் ஏதோ நெளிகிறது. பயந்து பின்வாங்கி, அப்புறம் மெல்ல மோந்து பார்த்தால் சூடான மூச்சு வருகிறது. பனிக்குள் குழி பறித்துச் சுருண்டு கிடக்கிறது பில்லி என்ற சகநாய். சமாதானமாக முனகி, பக்கின் முகத்தை நக்கியும் கொடுக்கிறது. ஓகோ, இப்படித்தானா என்று பக் தனக்கும் ஒரு குழி பறித்துக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் உடம்புச் சூடே குழியை நிரப்பிவிடுகிறது.

இதில் சண்டையும் இல்லை, வில்லனும் இல்லை. ஒரு நாய் தூங்கக் கற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனால் குளிர் என்ன என்பதையும், வீட்டைவிட்டு எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதையும் பக்கோடு சேர்ந்து படிக்கிற பிள்ளையும் தெரிந்துகொள்கிறது.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு இதை முதலில் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். முதல் அத்தியாயத்திலேயே சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒருவன் பக்கைத் தடியால் அடித்துப் பணியவைக்கிறான். உங்கள் மகள் மறுபடி அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவாள்.

முதலில் ஷீலா பர்ன்ஃபோர்டின் 'தி இன்கிரெடிபிள் ஜர்னி' (1961). ஒரு லேப்ரடார் நாய், 'புல் டெரியர்' இனத்துக் கிழட்டு நாய் ஒன்று, ஒரு சயாமியப் பூனை. மூன்றும் கனடாவின் காட்டு வழியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து வீடு தேடி வருகின்றன. அவை மனிதர் மாதிரிப் பேசிக்கொள்வதில்லை. கிழட்டு நாய் தளர்ந்து விழும்போது கரடிக்குட்டி வந்து சீண்ட, பின்னாலேயே தாய்க்கரடியும் வந்துவிட, பூனை சிலிர்த்துக்கொண்டு எதிர்க்கிற இடத்தை அவள் இரண்டு தடவை படிப்பாள். மூன்றும் பிழைத்துவிடும். முடிவைச் சொல்லிவிட்டேன், ஆனால் உங்களுக்கு வேண்டிய தகவலே அதுதானே.

அடுத்தது கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' (1894). சினிமா பார்த்தவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது: அதில் வில்லனாக வரும் கா என்ற மலைப்பாம்பு, புத்தகத்தில் சிறுவன் மௌக்லியைக் குரங்குகளிடமிருந்து மீட்கிற கூட்டாளி. முழுப் புத்தகமும் வேண்டாம் என்றால் அதில் 'ரிக்கி-டிக்கி-டாவி' என்ற கீரியின் கதை ஒன்று போதும். குளியலறையில் தண்ணீர் ஜாடியைச் சுற்றிப் படுத்திருக்கும் நாகத்தை நோக்கி, ஒரு மணி நேரம் அசையாமல் இருந்துவிட்டு, கீரி தசை தசையாக நகர்கிற பத்தியைச் சத்தமாக வாசித்துக்காட்டுங்கள்.

பலரும் விட்டுவிடுகிற ஒரு புத்தகம் தன்கோபால் முகர்ஜியின் 'கே-நெக்' (1927). சிறுவர் நூல்களுக்கான அமெரிக்காவின் நியூபெரி பரிசை 1928இல் பெற்றது. சித்ரகிரீவன் என்ற புறா முதல் உலகப்போரில் பிரான்ஸில் செய்தி கொண்டுபோகிறது. போர் கொடுத்த பயத்தில் பறக்கவே முடியாமல் போகிறது. ஒரு பௌத்த மடத்தில் தேறி மறுபடி பறக்கிறது. அழுத பிள்ளைக்குப் பொருத்தமான கதை என்பேன். பயத்தை யாரும் கேலி செய்வதில்லை, அவசரப்படுத்துவதும் இல்லை.

இவை ஆன பிறகு லண்டனின் 'கானகத்தின் குரல்'. பிடித்துப்போனால் அவருடைய 'வெள்ளைக் கோரைப்பல்' (1906) தானாகவே அவள் கைக்கு வந்துவிடும். அதில் ஓநாய்க்குட்டி காட்டிலிருந்து மனிதரிடம் வருகிறது. 'பிளாக் பியூட்டி' நல்ல நூல்தான், ஆனால் குதிரை தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டே போகும். சாகசம் தேடுகிற பிள்ளைக்குக் கொஞ்சம் மந்தம்.

எர்னஸ்ட் தாம்சன் சீட்டனின் 'லோபோ'வை மட்டும் இரண்டு வருஷம் தள்ளிவையுங்கள். நியூ மெக்சிகோவில் ஓர் ஓநாயைப் பிடிக்கப் போன வேட்டைக்காரரே எழுதியது. விஷம் வைத்த இறைச்சித் துண்டுகளை லோபோ ஒன்றாகக் குவித்து அசிங்கம் பண்ணிவிட்டுப் போகும்வரை சிரித்துக்கொண்டே படிக்கலாம். அப்புறம் அதன் ஜோடியைக் கொன்று, அந்த உடலையே வைத்து லோபோவைப் பொறியில் சிக்கவைக்கிறார். கொடுக்கும்போது நீங்கள் முதலில் படித்துவிட்டு, அவள் படிக்கிற அன்று வீட்டில் இருங்கள்.

'வாட்டர்ஷிப் டவுன்' (1972) முயல் கதைதானே என்று யாராவது இப்போதே பரிசளிக்க வரலாம். வாங்கி உள்ளே வையுங்கள். தடிமனான புத்தகம், அந்த முயல்களுக்குள் சர்வாதிகாரியும் உண்டு, சண்டையும் கடுமை. 13 வயதில் எடுத்துக் கொடுக்கலாம்.

அன்புடன்.