முழு ஃப்ரேம் மிரர்லெஸ் கேமராவில் போட, விலை குறைந்த பழைய வைட் லென்ஸ் எதை வாங்கலாம்? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

28 மி.மீ. எஃப் 2.8 அல்லது 3.5 ஒன்றை எடுங்கள் (எஃப் எண் குறைந்தால் அபர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, பெரிது). மிச்சப் பணத்தை நல்ல அடாப்டரில், அதாவது பழைய லென்ஸைப் புதுக் கேமராவில் பொருத்தும் வளையத்தில், போடுங்கள்.

ஃபிலிம் காலத்தில் 50 மி.மீ. லென்ஸோடு கேமரா வாங்கியவர்கள் அடுத்ததாக வாங்கியது பெரும்பாலும் 28 அல்லது 135. அதனால் 28 இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. 24க்குப் போனால் விலை கூடும், 20, 21 என்றால் இன்னும் கூடும். எஃப் 2 லென்ஸுக்கு ஆசைப்படாதீர்கள். முழுதாகத் திறந்தால் மூலைகள் குழையும். வைட் லென்ஸில் நிலக்காட்சி, கட்டடம் என்று எடுக்கும்போது எப்படியும் எஃப் 8இல்தான் நிற்கப் போகிறீர்கள்.

மினோல்டா எம்டி 28/2.8, கேனன் நியூ எஃப்டி 28/2.8, ஒலிம்பஸ் ஓஎம் 28/3.5, பென்டாக்ஸ்-எம் 28/3.5 ஆகியவற்றில் எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை வாங்கலாம். இவற்றுக்குள் இருக்கும் வித்தியாசத்தைவிட, ஒரே மாடலில் அடிபட்ட பிரதிக்கும் அடிபடாத பிரதிக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. நிக்கானில் மட்டும் கவனம் தேவை: சீரிஸ் இ 28/2.8 ஐந்து கண்ணாடி கொண்ட எளிய லென்ஸ், ஏஐ-எஸ் 28/2.8 எட்டுக் கண்ணாடி கொண்டது. தூர அளவில் 0.2 மீட்டர் வரை குறி இருந்தால் அது ஏஐ-எஸ். விவிட்டார் என்றால் சீரியல் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். 22 கிரோன், 28 கோமினே, 37 டோக்கினா தயாரிப்பு.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கான (லென்ஸ் வழியாகப் பார்க்காமல், தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்யும் கேமரா) வைட் லென்ஸ்களை இந்த பட்ஜெட்டில் தவிர்ப்பது நல்லது. அவற்றின் பின்கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் வருவதால் ஒளி சாய்வாக விழுந்து, சென்சார் மேலுள்ள கண்ணாடியில் சிதைந்து மூலைகளைக் கெடுக்கும். ஜூபிட்டர்-12 என்ற ரேஞ்ச்ஃபைண்டர் வைட் லென்ஸின் பின்கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டே இருக்கும். சில பாடிகளில் உள்ளே இடிக்கும்.

அடுத்து அடாப்டர். பலரும் ஏமாறுவது இங்கேதான். மினோல்டா மவுண்டிலிருந்து (லென்ஸ் மாட்டும் வாய்) ஃபிலிமுக்கு 43.5 மி.மீ., சோனி இ மவுண்டிலிருந்து சென்சாருக்கு 18 மி.மீ. ஆக, அடாப்டரின் தடிமன் 25.5 மி.மீ. இருக்க வேண்டும். இன்ஃபினிட்டி (வெகுதூரத்து ஃபோகஸ், ∞ குறி) கிடைக்கவில்லை என்று புகார் வரக்கூடாது என்பதற்காக மலிவு அடாப்டர்களை வேண்டுமென்றே கொஞ்சம் மெல்லியதாகச் செய்வார்கள். 0.1 மி.மீ. குறைந்தாலே, 28 மி.மீ. லென்ஸில் தூரத்து மலை தெளிவாவது ஏறக்குறைய 8 மீட்டர் குறியில்தான். இதே பிழை 50 மி.மீ. லென்ஸில் 25 மீட்டர் குறியில் வரும், அவ்வளவாக உறுத்தாது. வைடில்தான் இது கழுத்தறுக்கும். ஏஐ-எஸ் 28 போல ஃபோகஸ் செய்யும்போது கண்ணாடிகளின் இடைவெளி மாறும் லென்ஸ்களில் தொல்லை இரட்டிப்பு: நடு தெளிவாக இருந்தாலும் மூலை குழையக்கூடும், காரணம் இடைவெளி 8 மீட்டருக்கு உரியது.

சரிசெய்வது கடினமில்லை. பல அடாப்டர்கள் இரண்டு துண்டுகளாகத் திருகு போட்டு இணைத்தவை. திருகைக் கழற்றி, நடுவே 0.05 மி.மீ. உலோகத் தகட்டை வளையமாக வெட்டி வைத்து, தூரப் பொருள் சரியாக ∞ குறியில் தெளிவாகும்வரை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். கூடிப்போனால் இன்ஃபினிட்டி எட்டவே எட்டாது, ஆகவே ஒரு மயிரிழை குறைவாகவே நிறுத்துங்கள்.

லென்ஸைக் கையில் வாங்கியதும் டார்ச்சைப் பின்பக்கமாகச் சாய்த்து அடித்துப் பாருங்கள். முன்பக்கம் நாலு தூசு, மெல்லிய கீறல் இருந்தால் பரவாயில்லை. பால்போல மங்கலும் நூல்நூலாகப் பரவும் பூஞ்சையும் பரவாயில்லை ரகமல்ல. பூஞ்சை கோட்டிங்கை அரித்திருந்தால், துடைத்த பிறகும் தழும்பு நிற்கும். ஃபில்டர் வளையம் நசுங்கியிருந்தால் கீழே விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடி மையம் விலகியிருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சோதிக்கச் செங்கல் சுவர் வேண்டாம், கேமராவைச் சுவருக்கு நேராக நிறுத்துவதே பெரும்பாடு. முக்காலியில் வைத்து, அபர்ச்சரை முழுதாகத் திறந்து, வெகுதூரத்து கோபுரம் ஒன்றை நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்து எடுங்கள், ஃபோகஸைத் தொடாமல். நான்கும் ஒரே அளவு குழைந்திருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் கெட்டால் மையம் விலகியிருக்கிறது, அல்லது அடாப்டர் சாய்வு. அதே அடாப்டரில் வேறு லென்ஸைப் போட்டும் அதே பக்கம் கெட்டால் குற்றவாளி அடாப்டர்தான்.

ஃபோகஸ் செய்யும்போது பீக்கிங்கை (தெளிவான விளிம்புகளைத் திரையில் வண்ணமிட்டுக் காட்டும் வசதி) நம்பாதீர்கள். வைட் லென்ஸில் பாதிக் காட்சி மின்னிக்கொண்டிருக்கும், எதுவும் உண்மையாகத் தெளிந்திருக்காது. திரையில் பெரிதாக்கி, நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட இடத்தில் ஃபோகஸ் வையுங்கள். நடுவில் மட்டும் வைத்தால், ஃபோகஸ் தளம் வளைந்திருக்கும் லென்ஸில் ஓரம் விட்டுப்போகும்.

தெருவில் வேகமாக எடுக்க வேண்டுமென்றால் 28 மி.மீ., எஃப் 8, 3.3 மீட்டர். கணக்குப்படி 1.65 மீட்டரிலிருந்து இன்ஃபினிட்டி வரை தெளிவு. ஆனால் இது ஃபிலிம் பிரிண்டுக்குப் போட்ட கணக்கு. அதிக மெகாபிக்சல் சென்சாரில் ஒரு ஸ்டாப் (அபர்ச்சரில் ஒரு படி) தள்ளிப் பாருங்கள்: லென்ஸில் எஃப் 8 வைத்து, லென்ஸ் மேலுள்ள தூர அளவுகோலில் எஃப் 5.6க்கான கோடுகளைப் படியுங்கள். மேலே சொன்ன 0.1 மி.மீ. பிழை இருந்தால் 3.3 என்று வைத்தது உண்மையில் 5.7 மீட்டரில் போய் விழும். அடாப்டரைச் சரிசெய்யாமல் அளவுகோலை நம்பிப் பயனில்லை.

பழைய லென்ஸைக் கேமரா அடையாளம் காணாது. ஆகவே ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ அமைப்பை இயக்குங்கள், ஸ்டெபிலைசருக்கு (கை நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதி) 28 என்று கையால் கொடுங்கள். பழைய கோட்டிங் என்பதால் ஹூட் (பக்கவாட்டு ஒளியை மறைக்கும் முன்மூடி) கட்டாயம்.

முழு ஃப்ரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் இதெல்லாம் வீண்வேலை. 28 அங்கே 42 மி.மீ. லென்ஸ் போலக் குறுகிவிடும். அதற்கு 12, 14 மி.மீ. புது மேனுவல் லென்ஸே தேவலை.