பழைய ஜென் காரில் எஸ்டீம் த்ராட்டில் பாடி மாட்டினால் பிக்அப் கூடுமா?

உங்களிடம் எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும்) மாருதி ஜென் இருக்கிறது, பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் மாருதி எஸ்டீமின் பெரிய த்ராட்டில் பாடி (மிதியை மிதிக்கும்போது எஞ்சினுக்குக் காற்று விடும் பாகம்) மலிவாகக் கிடைக்கிறது, "நாலு போல்ட் வேலைதான்" என்று மெக்கானிக் சொல்கிறார், மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "நாலு போல்ட்" பேச்சைப் படித்ததால்தான் எழுத உட்கார்ந்தேன். வட சென்னையில், தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். நாலு போல்ட் உட்காராத பிறகு எல்லோரும் எங்களிடம்தான் வருவார்கள்.

மாட்ட முடியும். ஆனால் வண்டியின் பவர் அதனால் கூடாது, அல்லது உங்களுக்குத் தெரிகிற அளவுக்குக் கூடாது. ஜென் எஞ்சின் 993 சிசி, எஸ்டீம் 1298 சிசி. 6000 ஆர்பிஎம்மில் ஜென் எஞ்சின் நிமிடத்துக்கு அதிகபட்சம் 3000 லிட்டர் காற்றைத்தான் இழுக்கும். அந்தக் காற்றுக்கு அதன் சொந்த த்ராட்டில் பாடியே போதும். 42 மில்லி வாயை 48 ஆக்கினால் பரப்பளவு 30 சதவீதம் கூடும், கணக்கு சரிதான். ஆனால் எஞ்சின் இழுக்கிற காற்று 30 சதவீதம் கூடாது. மெட்ரோ வாட்டர் லைனில் பெரிய குழாய் மாட்டினால் கால் திருப்பிலேயே தண்ணீர் கொட்டும், முழுக்கத் திறந்தாலோ லைனில் வருவதுதான் வரும். காரிலும் பாதி மிதியில் வண்டி துள்ளும். அதைத்தான் பிக்அப் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

இதை என் பேச்சை நம்பி ஏற்க வேண்டாம், ஒரு வேக்கம் கேஜ் (உள்ளே காற்றழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று காட்டும் மீட்டர்) வாங்கிப் பாருங்கள். மேனிஃபோல்டில் (த்ராட்டில் பாடியில் இருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) இருந்து வரும் ஒரு வேக்கம் ஹோஸில் டீ போட்டு, நீளமான டியூப்பை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்பவர் கையில் கேஜைக் கொடுங்கள். காலி ரோட்டில் இரண்டாவது கியரில் முழு மிதி மிதித்து, ஆர்பிஎம் மேலே ஏறும்போது முள் எங்கே நிற்கிறது என்று அவர் பார்க்கட்டும். பூஜ்யத்தை ஒட்டி, ஓர் அங்குலத்துக்குள் (கேஜில் அளவு பாதரச அங்குலம்) நின்றால் காற்றுக்குத் தடையே இல்லை, த்ராட்டில் பாடிக்குச் செலவு செய்யாதீர்கள். அதைவிட அதிகம் காட்டினால் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. அது ஏர் ஃபில்டராகவும் இருக்கலாம், அதனால் ஃபில்டரை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

என் அக்கா மகன் காலடிப்பேட்டையில் இருக்கிறான், அவனிடமும் ஜென்தான். யாரோ சொன்னார்கள் என்று நகரின் தெற்குப் பக்கம் ஒரு பெரிய கடையில் எஸ்டீம் த்ராட்டில் பாடியை மாட்டிக்கொண்டு வந்தான். "மாமா, சிக்னல்ல நின்னா வண்டி தானா ரேஸ் ஆவுது" என்றான். அதற்கு முந்தைய இரவு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் நடந்ததை அப்புறம்தான் மெதுவாகச் சொன்னான். முன்னால் கண்டெய்னர் லாரி, இவன் காலை எடுத்த பிறகும் எஞ்சின் அடங்கவில்லை. கிளட்சை மிதித்து, சாவியை அணைத்து, ஓரம் கட்டியிருக்கிறான். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

கழற்றிப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. பெரிய பட்டர்ஃபிளை (காற்று வழியைத் திறந்து மூடும் வட்டத் தகடு) முழுக்கத் திறக்கும்போது அதன் விளிம்பு ஃபிளாஞ்ச் முகத்தை, அதாவது போல்ட் போட்டு இணைக்கும் தட்டைப் பக்கத்தை, தாண்டி வெளியே நீட்டும். கீழே மேனிஃபோல்டின் வாய் சின்னது. விளிம்பு அந்த அலுமினிய உதட்டில் போய்ச் சிக்கியிருக்கிறது, புதுக்கீறல் பளபளவென்று தெரிந்தது. கேஸ்கட்டுக்குப் பதில் ரப்பர் ஷீட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். வேக்கம் அதை உள்ளே இழுத்து, ஒரு பக்கம் காற்று கசிந்தது. மேப் சென்சார் (மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது) வைத்துப் பெட்ரோலைக் கணக்கிடும் காரில் காற்று கசிந்தால் ஈசியூ (எஞ்சினின் கம்ப்யூட்டர்) அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும், ஐடில் (மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறிக்கொண்டே போகும். ஐடில் வால்வு முழுக்க மூடினாலும் அதை அடக்க முடியாது.

15 மில்லி அலுமினியத் தகட்டில் அடாப்டர் கடைந்தேன். மேல் வாய் த்ராட்டில் பாடி அளவு, கீழ் வாய் மேனிஃபோல்டு அளவு, நடுவில் சீரான டேப்பர், எந்த இடத்திலும் படி இல்லை. பட்டர்ஃபிளை முழுக்கத் திறந்தாலும் அடாப்டரில் எங்கும் படாமல் இடைவெளி விட்டேன். த்ராட்டில் பாடி 15 மில்லி தள்ளிப் போனதால் கேபிள் பிராக்கெட்டையும் நகர்த்தினேன். இங்கே உப்புக்காற்று, அலுமினியத்தில் ஸ்டீல் போல்ட் இறுகிக்கொண்டால் அடுத்தமுறை கழற்றுகிறவர் மரையோடு பிடுங்குவார், அதனால் போல்ட்டுக்கெல்லாம் ஆன்டி சீஸ் பேஸ்ட் தடவினேன். பட்டர்ஃபிளை எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் பொசிஷன் சென்சாரை மூடிய நிலையில் அரை வோல்ட் அருகே செட் செய்த பிறகு ஐடில் பழையபடி நின்றது.

பிறகு மீஞ்சூர் பக்கம் அவுட்டர் ரிங் ரோட்டில் கேஜ் வைத்துப் பார்த்தோம். பழைய த்ராட்டில் பாடி, அழுக்கு ஃபில்டர்: இரண்டு அங்குலம். அதே பாடியில் புது ஃபில்டர்: ஓர் அங்குலத்துக்கும் கீழே. பெரிய பாடி போட்டபோது முள் இன்னும் ஒரு நூல் இறங்கியது, அவ்வளவுதான். அவன் செலவில் பெரும் பலன் கொடுத்தது ஃபில்டர்தான். எங்கள் பக்கம் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியில் ஃபில்டர் புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் வரை தாங்காது.

லேத் ஓட்டுகிறவனுக்கு டியூனிங் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்பார்கள். கேஜ் எல்லோருக்கும் ஒரே அளவைத்தான் காட்டும். நான் இந்த வேலைக்கு எதிரி என்றும் நினைக்க வேண்டாம், அடாப்டர் கடைந்தால் கூலி எனக்குத்தான். கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) மாற்றி, ஹெட் போர்ட் செய்து (ஹெட்டில் காற்று வழியைப் பெரிதாக்கி), ஆர்பிஎம் ஏற்றியவர்களுக்குப் பெரிய பாடி தேவைப்படும். அவர்களுக்கு நானே ஆசையாகச் செய்து கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மருமகனிடம் அந்தக் கடையில், "நார்த் மெட்ராஸ் பட்டறைக்கெல்லாம் வண்டியைக் கொடுக்காதீங்க" என்றார்களாம். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார் பூட்டியது எண்ணூரில், அதுதான் பின்னாளில் அசோக் லேலண்ட் ஆனது. என்ஃபீல்டு புல்லட் வந்தது திருவொற்றியூரில் இருந்து. ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப் 1955 முதல் பெரம்பூரில் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை டிராக் வருவதற்கு முன்னால் ரேஸ் நடந்ததும் வடக்கே சோழவரத்தில்தான், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில். இங்கே வீட்டுக்கு வீடு ஒரு டர்னரோ ஃபிட்டரோ இருந்திருக்கிறார்கள். எங்களுக்கு ஏசி வெயிட்டிங் ரூம் இல்லை, கண்ணாடிக் கதவு இல்லை. அதை வைத்துக் கைத்தொழிலை எடை போடுகிறார்கள் என்றால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் நியாயமானது.

சரி, உங்கள் வண்டிக்கு வருகிறேன். கேஜ் பார்த்த பிறகும் மாட்டியே தீர வேண்டும் என்றால், வாங்கும் முன் இரண்டு பாடிகளையும் பக்கத்தில் வைத்து வெர்னியரால் அளந்து பாருங்கள்: வாய் விட்டம், போல்ட் தூரம், ஷாஃப்டில் இருந்து ஃபிளாஞ்ச் முகம் வரை உள்ள தூரம். பட்டர்ஃபிளையின் பாதி விட்டம் அந்தக் கடைசித் தூரத்தைவிடப் பெரிதாக இருந்தால் அடாப்டர் இல்லாமல் மாட்டக் கூடாது. சென்சாரின் கனெக்டரும் அது திரும்பும் திசையும் உங்கள் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். பட்டர்ஃபிளையைக் கையால் முழுக்கத் திறந்து விடுங்கள், டக்கென்று திரும்பி மூட வேண்டும். ஸ்பிரிங் சோம்பினால் எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மாட்டி முடித்ததும் எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், ஒருவர் மிதியை முழுக்க மிதித்து விடட்டும், இன்னொருவர் பானட் பக்கம் நின்று பட்டர்ஃபிளை ஒவ்வொரு முறையும் முழுக்க மூடுகிறதா என்று பார்க்கட்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.